பனிக்காலக் குறிப்பேடும் வரப்போகும் புயலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் முழுக்க வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, பனியின் ஆழம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். தெரிந்தவர்களுக்கு இது கேலிக்குரிய விஷயம்தான். ஆனால் 'பனிப்புயல் வருகிறது' என்று செய்தி வந்தால் அவர்களேதான் முதலில் போன் செய்வார்கள். கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவிட்டேன். காற்றுத் திசை பற்றிச் சொல்வதெல்லாம் வட அரைக்கோளத்துக்கு. தெற்கே இருப்பவர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பனி, பனி என்கிறீர்களே, எந்தப் பனியைச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. புல்லில் நிற்கும் துளியும் பனி, பாதையை மறைக்கும் புகை மாதிரி இருப்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. தமிழில் ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சமாளித்துவிட்டோம். அளக்கிற வேலைக்கு அது போதாது.

அதனால் என் நோட்டில் இப்படிப் பிரித்திருக்கிறேன். மேகத்திலிருந்து படிகமாக விழுவது வெண்பனி; இங்கே வெறும் 'பனி' என்று எழுதினால் அதுதான். தரையிலும் புல்லிலும் இரவில் படிவது உறைபனி. பார்வையை மறைப்பது மூடுபனி. திரவமாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடிபோல உறைவது உறைமழை. விழும்போதே கெட்டியாகி, கண்ணாடி ஜன்னலில் 'சடசட' என்று மோதித் தெறிக்கும் சின்னக் கட்டிகளுக்கு நான் வைத்த பெயர் பனிக்குருணை. கோடை இடிமழையில் விழும் ஆலங்கட்டி வேறு, இது வேறு. பிறக்கும் விதமே வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தெர்மாமீட்டரை ஜன்னலுக்கு வெளியே ஒட்டிவிட்டேன். போதாதா?

போதாது. அது வீட்டுச் சுவரின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும். உள்ளே ஹீட்டர் ஓடும் வீட்டில் கண்ணாடி வழியே கசியும் சூடே ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக் காட்டிவிடும். வெயில் நேராகப் பட்டால் கேட்கவே வேண்டாம்.

உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர். நிழல் வேண்டும், காற்று புகுந்து போக வேண்டும். இதற்காகத்தான் வானிலை நிலையங்களில் பலகணிபோல் சரிந்த பட்டைகள் வைத்த வெள்ளைப் பெட்டி நிற்கிறது. அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். அவருடைய தொழில் கலங்கரை விளக்கம் கட்டுவது. வீட்டில் அந்தப் பெட்டி இல்லையென்றால், சுவரை விட்டுத் தள்ளி, வடக்குப் பக்க நிழலில் ஒரு கம்பத்தில் கட்டுங்கள். அதன் பிறகு இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். கொஞ்சம் தப்பான இடமானாலும், வருஷம் முழுக்க அதே இடம் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுத வேண்டும்?

சாதாரண நாளில் ஒரு தடவை போதும், தினமும் அதே நேரத்துக்கு. புயல் நெருங்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஏன் மூன்று என்பது காற்றழுத்தக் கேள்வியில் வரும்.

தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டுகிறது, புல்லில் உறைபனி படிந்திருக்கிறது. எது பொய் சொல்கிறது?

இரண்டுமே உண்மை. உங்கள் கருவி ஆள் உயரத்தில் இருக்கிறது. புல் தரையில் இருக்கிறது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு வேகமாக இழக்கும். அதைத் தொடும் காற்று குளிர்ந்து, கனத்து, அங்கேயே தங்கிவிடும். இரண்டு மீட்டர் உயரத்துக்குள் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் இன்னும் மோசம், குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து அங்கே தேங்கும்.

இன்னொன்று, இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் வராது. பெரும்பாலும் சூரியன் எழுந்த சற்று நேரத்துக்குப் பிறகுதான் வரும். அதிகாலை ஐந்து மணிக்குப் பார்த்துவிட்டு 'இதுதான் இன்றைய குறைந்தபட்சம்' என்று எழுதிவிடாதீர்கள்.

பகல் நீள ஆரம்பித்த பிறகும் குளிர் ஏன் கூடுகிறது?

வட அரைக்கோளத்தில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. அதற்குப் பிறகும் பல வாரங்களுக்குத் தரையும் கடலும் பெறும் சூட்டைவிட இழக்கும் சூடு அதிகம். வரவு கூடத் தொடங்கிவிட்டது, ஆனால் செலவு இன்னும் அதைவிடப் பெரியது. கையிருப்பு குறைந்துகொண்டேதான் போகும். அதனால்தான் பெரும்பாலான இடங்களில் கடுங்குளிர் ஜனவரியில். புதுப்பனி மூடிவிட்டால் நிலைமை இன்னும் இறுகும், விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தை அது திருப்பி அனுப்பிவிடும்.

ஸ்கேலைப் பனியில் குத்திப் பார்த்தால் அளவு தெரிந்துவிடாதா?

எங்கே குத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம். புல்லில் குத்தினால் ஸ்கேல் புல்லுக்குள் இறங்கி இரண்டு செ.மீ. கூடக் காட்டும். சிமென்ட் தரையில் முதலில் விழுந்தது உருகியிருக்கும், குறைத்துக் காட்டும். வேலியோரம் காற்று குவித்து வைத்த மேட்டில் குத்திவிட்டு '60 செ.மீ.' என்று போன் செய்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு நடுமுற்றத்தில் பதினைந்துகூட இருக்காது.

இதற்குத் தேவை ஒரு பனிப்பலகை. 40 செ.மீ.க்கு 40 செ.மீ. ஒட்டுப்பலகைத் துண்டு, வெள்ளைப் பெயின்ட் அடித்தது, அவ்வளவுதான். மரத்தையும் கட்டடத்தையும் விட்டு விலகிய திறந்த இடத்தில், தரையோடு தரையாக வையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நடுவது முக்கியம். முதல் வருஷம் நான் நடவில்லை. முதல் பெரிய பனியில் பலகை எங்கே என்று தெரியாமல், கையுறை நனைய அரை மணி நேரம் மண்டியிட்டுத் துழாவினேன். கிடைத்தபோது அளக்க வேண்டிய பனியை நானே கலைத்து முடித்திருந்தேன்.

அளந்ததும் பலகையைத் துடைத்துப் புதுப்பனியின் மேல்மட்டத்தில் வைக்க வேண்டும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் துடைக்கக் கூடாது. பனி தன் எடையிலேயே அமுங்கிக்கொண்டிருக்கும் பொருள். மணிக்கொரு தடவை துடைத்து அளந்து கூட்டினால், அமுங்க விடாமலே எண்ணுகிறீர்கள், கூட்டுத்தொகை ஊதிப்போகும். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு பேர் இரண்டு அளவு சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். அப்புறம், 'இன்று புதிதாக விழுந்தது' வேறு, 'தரையில் மொத்தம் கிடப்பது' வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

15 செ.மீ. பனி என்றால் எத்தனை மி.மீ. மழைக்குச் சமம்?

வாய்க்கணக்கு பத்துக்கு ஒன்று. அதாவது ஒரு செ.மீ. பனி, ஒரு மி.மீ. தண்ணீர். 15 செ.மீ. பனி என்றால் 15 மி.மீ. மழை. நினைவில் வைக்க எளிது, ஆனால் நம்பி உட்கார முடியாது. உருண்டை பிடித்தால் கையில் தண்ணீர் கசியும் ஈரப்பனி ஐந்துக்கு ஒன்றுகூட வரும். ஊதினால் பறக்கும் உலர்பனி இருபதுக்கு ஒன்று, சில சமயம் அதற்கும் மேலே போகும்.

சரியாகத் தெரிய வேண்டுமென்றால் உருக்கித்தான் பார்க்க வேண்டும். மழைமானியின் புனலையும் உள்குழாயையும் பனிக்காலத்தில் கழற்றிவிட்டு, வெளி உருளையை மட்டும் வெளியே வையுங்கள். பெய்த பிறகு உள்ளே கொண்டுவந்து, அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, மொத்தத்திலிருந்து ஊற்றியதைக் கழியுங்கள். பலத்த காற்று இருந்தால் உருளைக்குள் விழ வேண்டிய பனியில் பாதிகூட விழாமல் மேலாகப் பறந்துவிடும். அந்த மாதிரி நாளில் பலகையில் கிடக்கும் பனியையே அதே உருளையைக் கவிழ்த்து வெட்டி எடுத்து உருக்குவது நல்லது.

கூரை தாங்குமா என்ற கவலை உள்ளவர்கள் பார்க்க வேண்டியது இந்தத் தண்ணீர்க் கணக்கைத்தான். ஒரு மி.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ எடை. 30 செ.மீ. உலர்பனியைவிட 20 செ.மீ. ஈரப்பனி கனமாக இருக்கும்.

வெப்பநிலை மைனஸ் 10, 'உணரும் குளிர்' மைனஸ் 20 என்கிறார்கள். எதை நோட்டில் எழுதுவது?

மைனஸ் 10. உணரும் குளிர் என்பது தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதற்கான கணக்கு. கருவியில் வரும் எண் கிடையாது. இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் பயன்படும் சூத்திரம் 2001-இல் வந்தது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்றடித்தால் அதன்படி கிட்டத்தட்ட மைனஸ் 20 வரும்.

இதில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. காற்றின் வெப்பநிலை 2 டிகிரி, உணரும் குளிர் மைனஸ் 5 என்றால் தண்ணீர்க் குழாய் உறையுமா என்று கேட்பார்கள். உறையாது. காற்று எவ்வளவு அடித்தாலும் குழாயையோ காரையோ தன் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது, சீக்கிரம் அங்கே கொண்டுவர மட்டுமே முடியும். உங்கள் மூக்கு நுனிக்கும் காது மடலுக்கும் அந்த 'சீக்கிரம்'தான் ஆபத்து.

ரொம்பக் குளிர்ந்துவிட்டால் பனி பெய்யாதாமே?

பெய்யும். குறைவாகப் பெய்யும். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 5 கிராம் நீராவி தாங்கும்; மைனஸ் 20-இல் சுமார் 1 கிராம்தான். சரக்கு குறைவு, அதனால் கொட்டுவதும் குறைவு. பெரிய பனிப்பொழிவுகள் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது வருவது அதனால்தான்.

பாரோமீட்டரில் எத்தனை வந்தால் புயல் என்று அர்த்தம்?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். இதற்கு எண் சொல்ல மாட்டேன். கடல்மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் (மில்லிபார் என்றாலும் அதேதான்). 1005 என்று நாள் முழுக்க அசையாமல் நின்றால் வானம் வெறுமனே மூட்டமாக இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் 1022 ஆக இருந்தது மூன்று மணி நேரத்தில் 1017 ஆனால் நான் கார் டாங்கை நிரப்பக் கிளம்பிவிடுவேன். முள் எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள்.

பிரிட்டனின் கடல் வானிலை அறிக்கையில் இதற்கு வரையறையே உண்டு. மூன்று மணி நேரத்தில் 1.5 வரை இறங்கினால் 'மெதுவாக'. 1.6 முதல் 3.5 வரை வெறும் 'இறங்குகிறது'. 3.6 முதல் 6 வரை 'விரைவாக'. 6-க்கு மேல் 'மிக விரைவாக'. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதச் சொன்னது இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: நண்பகல் 1015, கிழக்குக் காற்று, மெல்லிய மேல்மேகம். மூன்று மணி 1011, சூரியன் எண்ணெய்த்தாளுக்குப் பின்னால் இருப்பதுபோல. ஐந்து மணிக்கு முதல் பனி. ஆறு மணி 1006. ஒன்பது மணி 1000, வடகிழக்குக் காற்று, தெருவிளக்கு தெரியவில்லை. ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் 4, 5, 6 என்று இறக்கமே வேகமெடுக்கிறது பாருங்கள். அன்று மதியம் மூன்று மணி எண்ணை மட்டும் பார்த்தவருக்கு 1011, கிட்டத்தட்ட சராசரி, ஒன்றும் தோன்றியிருக்காது.

என் போன் 955 காட்டுகிறது. அலறணுமா?

மேட்டு நிலத்தில் குடியிருந்தால் தேவையில்லை. கடல்மட்டத்துக்கு அருகே, ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். 500 மீட்டர் உயரத்தில் 955 என்பது அமைதியான நாளின் எண். வானிலை வரைபடத்தில் வருவதெல்லாம் கடல்மட்டத்துக்குத் திருத்திய எண்கள். போன் காட்டுவது பெரும்பாலும் திருத்தாதது. இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்து எழுதாதீர்கள். இறங்கும் வேகம் மட்டும் பார்ப்பதென்றால் திருத்தாத எண்ணே போதும், நீங்கள் மாடி ஏறி இறங்காத வரை.

கருவி எதுவும் கிடையாது. வானத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். வெப்பக்காற்று முன்னால் நீண்டு வரும் புயல் தன் மேகங்களை வரிசையாக அனுப்பும். முதலில் குதிரைவால்போலக் கீற்று மேகம். பிறகு வானம் முழுக்க மெல்லிய வெண்படலம். அப்புறம் சூரியன் மங்கலாகத் தெரியும் சாம்பல் மேகம், கடைசியில் தாழ்ந்து கறுத்த மேகம், அதிலிருந்து பனியோ மழையோ. முதல் கீற்றிலிருந்து முதல் துளி வரை பாதி நாள் முதல் ஒரு நாள் வரை ஆகலாம்.

அந்த வெண்படலக் கட்டத்தில் நிலாவையோ சூரியனையோ சுற்றி ஒரு பெரிய வளையம் தெரியும். 'அகல் வட்டம் பகல் மழை' என்று நம் பழமொழி சொல்வது இதைத்தான். படலத்தில் உள்ள பனிப்படிகங்கள் ஒளியை 22 டிகிரி வளைப்பதால் வரும் வட்டம் அது. கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய அந்த அளவு; நிலாவிலிருந்து வட்டத்தின் விளிம்பு வரை அவ்வளவு தூரம். நிலாவை ஒட்டினாற்போல் சின்னதாக, நிறம் கலந்து தெரியும் வட்டம் வேறு. அது நீர்த்துளிகளால் வருவது, புயலுக்குச் சாட்சி கிடையாது. அகல் வட்டமும் ஒவ்வொரு தடவையும் பலிப்பதில்லை. வட்டமும் வந்து, காற்றும் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கி, பாரோமீட்டரும் இறங்கினால் நான் நம்புவேன்.

புயல் நமக்கு வடக்கே போகுமா தெற்கே போகுமா? எப்படித் தெரியும்?

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வு மையம் உங்கள் இடது பக்கம் இருக்கும். டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857-இல் சொன்ன விதி இது. கட்டடங்களுக்கு நடுவே நின்று பார்க்காதீர்கள், சந்துக்குள் காற்று தன் இஷ்டத்துக்குத் திரும்பும். மேகம் நகரும் திசையும் பார்க்க வேண்டாம், மேலே கணக்கு வேறு.

மேற்கிலிருந்து புயல் நெருங்க நெருங்கக் காற்று வரும் திசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் சுவாரஸ்யம். தென்கிழக்கு, தெற்கு, தென்மேற்கு என்று கடிகாரச் சுற்றில் திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கே போகிறது. நீங்கள் சூடான பக்கம்; மழைக்கோ மழையாக மாறும் பனிக்கோ வாய்ப்பு அதிகம். கிழக்கு, வடகிழக்கு, வடக்கு என்று எதிர்ச்சுற்றில் திரும்பினால் மையம் தெற்கே. நீங்கள் குளிர்ப்பக்கம் மாட்டியிருக்கிறீர்கள். மண்வெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரே புயலில் மழை, குருணை, பனி எல்லாம் மாறி மாறி வருகிறதே, எப்படி?

தரையில் இருக்கும் உங்கள் தெர்மாமீட்டருக்கு இந்தக் கதை தெரியாது. மேலே நடப்பது இது. பெரும்பாலும் எல்லாமே மேகத்தில் பனியாகத்தான் புறப்படுகிறது. வழி முழுக்கக் குளிராக இருந்தால் பனியாகவே வந்து சேரும். நடுவழியில் உறைநிலைக்கு மேலான ஒரு சூடான அடுக்கு குறுக்கிட்டால் உருகும். அதற்குக் கீழே மறுபடி குளிர்ந்த காற்று கனமாக இருந்தால் தரை தொடுவதற்குள் உறைந்து பனிக்குருணை ஆகும். அந்தக் கீழ்க்குளிர் மெல்லியதாக இருந்தால் உறைய நேரமில்லை. 0 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே வந்து, கிளையிலோ கம்பியிலோ பட்ட நொடியில் உறையும். அதுதான் உறைமழை.

ஆக, குருணை சடசடத்தால் தலைக்கு மேலே சூடான அடுக்கு வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். பனியாகப் பெய்துகொண்டிருந்தது குருணையாக மாறும் நேரத்தை நான் நிமிடக் கணக்கில் குறித்துவைப்பேன். அன்றைய மொத்த அளவை அந்த நேரம்தான் தீர்மானிக்கும்.

மழை பெய்கிறது, வெப்பநிலை 3 டிகிரி. பனியாக மாறுமா?

காற்று உலர்ந்திருந்தால் மாறலாம். துளிகள் உலர்ந்த காற்றில் விழும்போது ஒரு பகுதி ஆவியாகி, அதற்கான சூட்டைக் காற்றிலிருந்தே எடுக்கும். ஈரத்துணியை விசிறினால் குளிர்வதுபோல. அது எதுவரை இறங்கும் என்பதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பநிலை 3, பனிநிலை (காற்றைக் குளிர்வித்தால் அதன் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஆங்கிலத்தில் dew point) மைனஸ் 6 என்றால் அது 0-வை ஒட்டி வந்துவிடும். மழையாகத் தொடங்கி அரை மணியில் பனி பறக்கும். இரண்டும் 3, 2 என்று நெருங்கியிருந்தால் ஈரம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, மழையாகவே ஓடும். போனில் வெப்பநிலைக்குக் கீழே சின்ன எழுத்தில் பனிநிலை இருக்கும், அதைப் பாருங்கள்.

உறைமழைதானே, பனியளவு ஆழம்கூட இல்லை. அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

பனியில் டயருக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். கண்ணாடிப் பனியில் எதுவுமே கிடைக்காது. அமெரிக்கத் தேசிய வானிலை சேவை பல பகுதிகளில் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. படிவுக்கே எச்சரிக்கை விடுகிறது. அந்தக் கனத்தில் கிளைகள் முறியும், மின்கம்பிகள் தொங்கும். 25 செ.மீ. உலர்பனியும் 6 மி.மீ. உறைமழையும் எதிரெதிரே நின்றால் நான் பனியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

'கண்காணிப்பு', 'எச்சரிக்கை' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கண்காணிப்பு என்றால் சூழ்நிலை கூடி வருகிறது, நடக்கலாம். வழக்கமாக ஒன்றிரண்டு நாள் முன்னால் வரும். எச்சரிக்கை என்றால் நடக்கப் போகிறது அல்லது தொடங்கிவிட்டது. வாங்க வேண்டியதை வாங்குவது முதல் கட்டத்தில். இரண்டாவது கட்டத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

'பனிப்புயல்' என்ற சொல்லுக்கும் ஒரு அளவுகோல் உண்டு. நிறையப் பெய்தால் மட்டும் பனிப்புயல் ஆகிவிடாது. அமெரிக்க வரையறையில் மணிக்கு 56 கி.மீ. காற்று, 400 மீட்டருக்குக் குறைந்த பார்வை, இரண்டும் மூன்று மணி நேரமாவது நீடிக்க வேண்டும். கனடாவில் பெரும்பாலான பகுதிகளுக்கு 40 கி.மீ. காற்று, 400 மீட்டர், நான்கு மணி நேரம். பெய்த ஆழம் பற்றி வரையறையில் ஒரு சொல்கூட இல்லை. நேற்று விழுந்த பனியைக் காற்று கிளப்பினாலே போதும். வானம் தெளிவாக இருக்கும்போதே எதிரே வரும் வண்டி தெரியாமல் போகும்.

டிவியில் 'வெடிகுண்டுப் புயல்' என்கிறார்களே, மிகைப்படுத்துகிறார்களா?

சொல் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பொருள் உண்டு. 1980-இல் சாண்டர்ஸ், ஜாக்கும் என்ற இரு ஆய்வாளர்கள் பரப்பிய சொல் அது. மைய அழுத்தம் 24 மணி நேரத்தில் 24 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அந்தப் பெயர். இது 60 டிகிரி அகலாங்குக்கான கணக்கு, அதற்குத் தெற்கே குறைவாக இறங்கினாலே போதும். பாரோமீட்டர் கேள்வியில் சொன்ன அதே விஷயத்தை அவர்கள் புயலின் மையத்துக்குச் சொல்கிறார்கள்.

30 செ.மீ. என்று பயமுறுத்தினார்கள், பெய்தது 5. எதற்குத்தான் இந்த முன்னறிவிப்பு?

திட்டுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: உங்களுக்கு ஐம்பது கி.மீ. வடக்கே எவ்வளவு பெய்தது? பெரும்பாலும் அங்கே 30 கிடக்கும். பனியும் மழையும் பிரியும் கோடு அவ்வளவு ஒல்லி. மையம் ஒரு மாவட்ட அகலம் நகர்ந்தாலே கணக்கு கவிழும். போதாததற்குப் புயலுக்குள் பனி பட்டை பட்டையாகக் கொட்டும். பட்டைக்கு அடியில் மணிக்கு ஐந்து செ.மீ., பக்கத்து ஊரில் தூறல்.

1992 முதல் ஐரோப்பிய, அமெரிக்க வானிலை மையங்கள் ஒரே கணினிக் கணக்கைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுகின்றன. எல்லாம் ஒரே விடைக்கு வந்தால் தைரியமாகச் சொல்லலாம். சிதறினால் சந்தேகம் பெரிது. ஆகவே '5 முதல் 30 வரை' என்ற அறிவிப்பை மழுப்பல் என்று நினைக்க வேண்டாம், நேர்மையான பதில் அதுதான். செய்தியில் அந்த 30 மட்டும் பெரிய எழுத்தில் வருவதற்கு வானிலையாளர் என்ன செய்வார்? கடைசி ஆறு மணி நேரத்தில் உங்கள் நோட்டுக்கு மதிப்பு வருவது இங்கேதான். காற்றுத் திசை, பனிநிலை, குருணைச் சத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

நடுவில் சட்டென்று நின்று வானம் வெளுத்துவிட்டது. முடிந்ததா?

அவசரப்படாதீர்கள். மையத்தை ஒட்டி உலர்காற்று நாக்குபோல் உள்ளே புகுவதுண்டு. அது கடக்கும்போது பொழிவு நிற்கும், சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். பாரோமீட்டரைப் பாருங்கள். இன்னும் இறங்குகிறது அல்லது அடிமட்டத்தில் நிற்கிறது என்றால் பின்பாதி பாக்கி.

ஏறத் தொடங்கிவிட்டாலும் நிம்மதி உடனே இல்லை. வேகமாக ஏறினால் பின்னால் வரும் வடமேற்குக் காற்றுதான் முன்னதைவிடக் கடுமையாக இருக்கும். நான் மேலே காட்டிய பக்கத்தில் இரவு ஒரு மணிக்கு 993, காலை ஏழு மணிக்கு 1004. பனி ஓய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு வேலி சாய்ந்தது அந்த ஆறு மணி நேரத்தில்தான்.

பனி பெய்யும்போது இடி கேட்டது. பிரமையா?

பிரமை இல்லை. புயலுக்குள் காற்று வேகமாக மேலெழும் இடங்களில் நடக்கும். பனி ஒலியை விழுங்குவதால் சில கி.மீ. தூரத்துக்குள் இருப்பவர்களுக்கே கேட்கும். கேட்டால், பனி கொட்டும் பட்டை உங்கள் தலைமேல் இருக்கிறது என்று கொள்ளலாம்.

மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது?

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ ஓட்டக் கூடாது. கதவு, ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வெளியே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். கரி அடுப்புக்கும் இதே விதி. ஒரே அறையில் எல்லோரும் கூடி, மற்ற அறைகளின் கதவை மூடுங்கள்.

வழியில் கார் பனியில் சிக்கினால் காரைவிட்டு நடக்காதீர்கள், பத்தடி தள்ளினாலே திசை தெரியாது. இன்ஜினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுங்கள், ஓட்டும் முன் புகைக்குழாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிட வேண்டும்.

புயல் நடுவில் அளக்கப் போக முடியவில்லை. ஊகித்து எழுதிவிடலாமா?

எழுத வேண்டாம், போகவும் வேண்டாம். கட்டத்தில் ஒரு கோடு போட்டு 'அளக்கவில்லை' என்று குறியுங்கள். 0 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பெய்யவே இல்லை என்று ஆகிவிடும். மறுநாள் காலை தரையில் கிடக்கும் மொத்த ஆழத்தை நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுத்து, பக்கத்தில் 'முழுப் புயலுக்கும்' என்று எழுதினால் போதும். பலகை அருகே குச்சி நட்டிருப்பீர்கள் அல்லவா?